பச்சைக்கு அடியில் மணல் கலர்

போட்டோவைக் காட்டிக் கலர் கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதே மாதிரி வேணும் சார்" என்று போனை நீட்டுவார்கள். வண்டி எங்கே என்றால் வீட்டில் நிற்கிறது என்பார்கள். கலர் விஷயத்தில் போட்டோ வாய் கூசாமல் பொய் சொல்லும். காலையில் எடுத்தால் ஒன்று, சாயங்காலம் எடுத்தால் வேறொன்று. பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டு வா, அதைப் பார்த்து இம்மி பிசகாமல் கலக்கித் தருகிறேன், இல்லையென்றால் இடத்தைக் காலி பண்ணு என்பேன். முப்பத்துநாலு வருஷமாக இதே பல்லவிதான். பட்டறையில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். "கலர் இன்னிக்கு நல்ல மூடுல இருக்காரா?" என்று வாசலில் டிங்கரிடம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். டிங்கர் என்பவர் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துபவர். தட்டித் தட்டி அவருக்குக் காது பாதிதான் கேட்கும். எங்கள் இருவருக்கும் இத்தனை வருஷம் ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகன் ஒரு கவச வண்டியின் பக்கத்தில் நிற்கிற போட்டோ அது. பட்டாளத்தில் சேர்ந்த நாலாவது வருஷம் அனுப்பியிருந்தான். எட்டுச் சக்கரம் வைத்த பச்சை வண்டி. பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு நிற்கிறான். "வண்டிப் பிரிவுல இருக்கானாம்" என்றாள் என் மனைவி. வண்டியை ஓட்டுகிறான் என்று நானாக முடிவு கட்டினேன். பட்டறைக்கு வந்தவன் போனவன் எல்லாரிடமும் என் பையன் கவச வண்டி டிரைவர் என்று சொன்னேன். டிங்கரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவன் பட்டாளத்துக்குப் போனதே என் மேல் இருந்த கோபத்தில்தான். பள்ளிக்கூட விடுமுறைகளில் என்னோடு பட்டறைக்கு வருவான். உப்புத்தாள் தேய்ப்பான், ப்ரைமர் அடிப்பான். கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவசரக் கை. ஒரே இடத்தில் பெயிண்ட் கூடிப்போய்க் கோடாக ஒழுகிவிடும். ஒழுகினால் எனக்குக் கண் மண் தெரியாது. இருபத்தொரு வயதில் ஒருநாள் பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தின்னர் நாத்தத்துல என்னால சாக முடியாது" என்றான். நானும் விடவில்லை. "எங்க வேணா போடா. கடைசில இந்த பெயிண்ட் டப்பாதான் உனக்குச் சோறு போடும். அன்னிக்குத் தெரியும் அப்பன் யாருன்னு" என்றேன். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பத்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தான். வேறொரு ஊரில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை, மனைவி, ஒரு பெண் குழந்தை. அவன் வெளியே வந்த வருஷமே என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வான். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? கதவைப் பூட்டிட்டுத்தான தூங்கறீங்க?" ஆமாம், ஆமாம், ஆமாம். முடிந்ததும் எவ்வளவு நேரம் பேசினோம் என்று போன் காட்டும். நாலு நிமிஷம். பேத்திக்குப் பல் விழுந்த வாரம் மட்டும் ஐந்தரை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் என்னிடம் பேச வேண்டும். அந்தப் பத்து வருஷம் என்ன செய்தான், எங்கே படுத்தான், எதற்குப் பயந்தான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்பான். நானும் கெஞ்சுகிற ஜாதி இல்லை. விட்டுவிட்டேன்.

இந்தக் குட்டி வண்டி விவகாரம் ஆரம்பித்தது பேத்தியால். அவளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். மேல் தட்டில் ஒரு பெட்டி இருந்தது. அதன் படத்தில் அதே எட்டுச் சக்கர வண்டி, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில். ஒட்டிச் சேர்த்து நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பேத்திக்கு வாங்க மறந்துவிட்டேன். ஆனால் எடுத்தவுடன் அதைத் தொடவில்லை. வேறு ஐந்து கவச வண்டிகளை வாங்கிக் கையைப் பழக்கிக்கொண்டேன். அவன் வண்டியைப் பழகாத கையால் தொட எனக்கு மனசு வரவில்லை.

வண்டிக்கு மினுமினுவென்று பெயிண்ட் அடித்தே வயிற்றைக் கழுவியவன், பெயிண்டை எப்படிக் கெடுப்பது என்று அறுபதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டேன். பெரிய வண்டியின் கலரை அப்படியே குட்டி வண்டிக்கு அடித்தால் கறுத்துத் தெரியும், ஒரு சொட்டு வெள்ளை கூட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிள்ளி, அடர்ந்த பழுப்பில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றிவிட்டு விளிம்புகளில் லேசாகத் தட்டினால் பெயிண்ட் உதிர்ந்த மாதிரி இருக்கும். தின்னரில் கரைத்த கறுப்பை ஓடவிட்டால் தகடுகளின் இடுக்கில் போய்த் தங்கும். வண்ணச் சாக்கட்டியைப் பொடித்துத் தடவினால் புழுதி.

எல்லா இடத்திலும் அள்ளித் தட்டிவிடவும் முடியாது. ஆள் ஏறுகிற இடம் தேயும், பிடிக்கிற கைப்பிடி தேயும், யாரும் தொடாத இடம் புதிதாகவே இருக்கும். இதைக் கற்றுக்கொண்டதில் ஒரு கெட்டதும் நடந்தது. என் வீட்டையே அப்படிப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றின் கைப்பிடியில் மட்டும் வார்னிஷ் போயிருக்கிறது. சமையல் மேடைக்கு முன்னால், என் மனைவி நின்ற இடத்தில், தரை மங்கியிருக்கிறது, அங்கே புழுதி படிய ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டை யாராவது குட்டியாகச் செய்தால் ஒரே ஓர் ஆள் நடந்த தடம் போட்டால் போதும், வேலை சுலபம்.

சனிக்கிழமை சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் மகன் வண்டிக்கென்று ஆயின. ஜன்னல் பக்கத்து மேஜையில் போட்டோவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எங்கே கீறல், எங்கே நசுங்கல், எங்கே புழுதி. அதில் ஒன்று என்னை ரொம்பவும் படுத்தியது. வலது பக்கம், பின் மூடிக்குக் கீழே, கறுப்பாக ஒரு கோடு, முழ நீளத்துக்கு மேலிருந்து இறங்கியது. மழையும் துருவும் கலந்து வழிந்த தடம் என்று முடிவு செய்தேன். எத்தனை நாள் மழையில் நின்றிருந்தால் அப்படி ஒரு தடம் விழும்! அந்த மழையில் உள்ளே உட்கார்ந்திருந்தது என் பிள்ளை. அந்த ஒரு கோட்டுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன்.

போனில் எனக்கு ஒரு குழு உண்டு. இதே பைத்தியம் பிடித்த நாற்பது பேர், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அந்தக் கோட்டைப் படம் எடுத்துப் போட்டேன். முப்பது பேர் கைதட்டினார்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

வண்டி முடிந்த மாதமே மகன் வருவதாகச் சொன்னான். கிடங்கு வேலையாக இந்த ஊருக்கு வருகிறானாம், காலையில் அதை முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு லீவு சொன்னேன். "உடம்பு சரியில்லையா?" என்றார் டிங்கர். "பையன் வரான்" என்றேன். "யாரு வரா?" என்றார். மூன்றாவது தடவை நான் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

வந்தான். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தான். சாப்பிட்டோம். பேத்தியின் படிப்பைப் பற்றிச் சொன்னான், நான் தலையாட்டினேன். மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பார்த்தான். அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். இதற்கு மேல் தாங்காது என்று எழுந்துபோய், மேஜை மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன்.

"என்னப்பா இது?"

"பாரு."

குனிந்து பார்த்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஏதோ அசைந்தது. "நம்ம வண்டி" என்றான் மெதுவாக. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பதினோரு மாதமும் தகும்.

வண்டியை அடிப்பக்கத்தில் ஏந்தி எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தான். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். டிரைவர் யாரும் வண்டியை அப்படிப் பார்ப்பதில்லை. அதை அப்போதே கவனித்தேன், ஆனால் சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

"பச்சை கொஞ்சம் வெளுத்திருக்குப்பா. நெஜத்துல இதைவிடச் சாம்பல். போட்டோவ பாத்தா கலக்கினீங்க?"

வெயில் விழுகிற சுவரில் அது வருஷக்கணக்காக மாட்டியிருந்தது, போட்டோவே வெளுத்திருக்கும். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "சரி, அப்புறம்?" என்றேன்.

"உதிர்ந்த எடத்துல பழுப்பு வச்சிருக்கீங்க. அப்படித் தெரியாது. பச்சைக்கு அடில மணல் கலர் இருக்கும். அந்த வண்டிங்க எல்லாம் முதல்ல மணல் கலர்லதான் வந்துச்சு. அப்புறம் அவசரமா மாத்தச் சொன்னாங்க. அதுக்கு மேலயே ரெண்டு கோட் பச்சை. கால் படற எடத்துல பச்சை போயி மணல் கலர் தெரியும்."

இவ்வளவு நீளமாக அவன் என்னிடம் பேசி பதினைந்து வருஷம் இருக்கும். மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். வண்டியைத் திருப்பினான். வலது பக்கம் வந்ததும் நிறுத்தினான்.

"இது என்ன?"

"மழைத் தடம். துரு வழிஞ்சிருக்கு. எத்தனை நாள் மழைடா அது?"

அவன் சிரித்தான். சின்ன வயதில் பல்லி வால் துடிப்பதைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. "மழையா? அது பெயிண்ட் ஒழுகினதுப்பா."

போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒழுகல்தான். தடித்து, அடியில் மணி கட்டி நிற்கிற அசல் ஒழுகல், கறுப்பாகத் தெரிந்தது அதன் நிழல். பட்டறையில் ஆயிரம் ஒழுகலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவன் நான், தூக்கத்தில் தடவிக் காட்டினாலும் சொல்லியிருப்பேன். சண்டை, மழை என்று எதையோ நினைத்துக்கொண்டு பார்த்ததில் கண் முன்னால் இருந்தது தெரியவில்லை. என் மேலேயே வந்த ஆத்திரம் எல்லாம் முகம் தெரியாத அந்தப் பெயிண்டர் மேல் திரும்பியது.

"எவன்டா இப்படி அடிச்சான்? கன்னை ஒரே எடத்துல பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டானா? இவனையெல்லாம்—"

"நான்தான்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் வண்டியைப் பார்த்தபடியே சொன்னான். "சேர்ந்ததும் அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க. சொன்னேன். பெயிண்ட் ஷெட்ல போட்டாங்க. பத்து வருஷமும் அங்கதான். இந்த வண்டியை ஷெட்லேர்ந்து வெளிய எடுத்து நிறுத்தினதைத் தவிர நான் ஓட்டினதே இல்ல. அன்னிக்கு நாலு வண்டி முடிக்கணும். அவசரத்துல ஒழுகிடுச்சு. உங்க ஞாபகம் வந்துச்சு. அதான் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அல்லது ஏதாவது கேட்டிருக்க வேண்டும். ஷெட் எப்படி இருந்தது, முகமூடி கொடுத்தார்களா, கன் நல்ல கன்னா, எத்தனை பேர் வேலை செய்தீர்கள். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தது. என் நாக்கில் சனி. பெருமையில் தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னேன்: "அப்பவே சொன்னேனா இல்லையா? எங்க போனாலும் இந்த டப்பாதான் சோறு போடும்னு!"

சந்தோஷத்தில்தான் சொன்னேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எந்தக் குரலில் சொன்னேனோ, அதே குரலில் வந்து விழுந்தது. என் காதுக்கே கேட்டது.

அவன் வண்டியை மேஜையில் வைத்தான். மெதுவாக, சக்கரம் எட்டும் ஒரே நேரத்தில் படியும்படி வைத்தான்.

"அம்மா கரெக்டாத்தான் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாருன்னு."

"அவளுக்குத் தெரியுமா?"

"மொதல் மாசமே சொல்லிட்டேன்."

பிறகு மணியைப் பார்த்தான். நாலு மணி பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டான். வாசலில், "கதவைப் பூட்டிக்கோங்க" என்றான். பூட்டிக்கொண்டேன்.

அவள் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் போனை எடுத்துக்கொண்டு பின்பக்க பால்கனிக்குப் போய்விடுவாள். அரை மணி, முக்கால் மணி பேசுவாள். "அப்படி என்னதான் பேசறீங்க?" என்று கேட்டால், "சும்மா, சாப்பாட்டு விஷயம்" என்பாள். பெயிண்ட் ஷெட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். என் தொழிலைப் பற்றி, எனக்குத் தெரியாமல், என் வீட்டு பால்கனியிலேயே. அந்தச் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கம்பியில் அவள் முழங்கை ஊன்றிய இடத்தில் பெயிண்ட் போயிருந்தது. அங்கே கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மேல் கோபம் வந்தது. பிறகு அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதால் வெட்கமாக இருந்தது. மூன்று பேர் இருந்த வீட்டில் நான் ஒருவன்தான் வெளியே நின்றிருக்கிறேன். கதவைச் சாத்தியதும் நான்தான்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பட்டறையில் கடுகடுவென்று திரிந்தேன். "பையன் வந்துட்டுப் போனானே, நல்லாப் பேசினானா?" என்றார் டிங்கர். "பேசினான்" என்றேன். "என்ன?" என்றார். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வீட்டில் வண்டியைத் திருத்த உட்கார்ந்தேன். மழைத் தடத்தைத் தின்னரால் துடைத்தெடுத்தேன், முப்பது பேர் கைதட்டிய தடம் பஞ்சில் வந்துவிட்டது. கெட்டியான பச்சையை ஊசி முனையில் ஒரு சொட்டு வைத்து, வண்டியைச் செங்குத்தாகப் பிடித்து ஒழுகவிட்டேன். ஏழாவது தடவையில் அடியில் மணி கட்டி நின்றது. முப்பத்துநாலு வருஷத்தில் நான் வேண்டுமென்றே ஒழுகவிட்டது அது ஒன்றுதான். பச்சையையும் சாம்பலாக்கினேன். ஆனால் உதிர்ந்த இடங்களுக்கு அந்த மணல் கலர் பிடிபடவில்லை. மஞ்சள் கூடினால் மாவு மாதிரி இருந்தது, பழுப்பு கூடினால் சேறு மாதிரி இருந்தது. பதினான்கு மாதிரி கலக்கி அட்டையில் வைத்துப் பார்த்தேன். பார்த்தறியாத கலரை எப்படிக் கலக்குவது? அதைப் பார்த்தவன் ஒருவன்தான்.

யாரிடமும் இதுவரை நான் கலவை கேட்டதில்லை. என் முதலாளியிடம்கூட. என் கலவையை எழுதி வைத்ததும் இல்லை. எல்லாம் கண்ணில்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

மூன்றாவது ஞாயிறு பத்து மணி. போன் அடிக்கவில்லை. பத்தேகால் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே அடித்தேன். நான் அவனுக்கு அடிப்பதே இல்லை என்பது கை எண்ணைத் தேடியபோதுதான் உறைத்தது.

"என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?" பதறிக்கொண்டுதான் எடுத்தான்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாப்பிட்டேன். மாத்திரை போட்டுட்டேன். கதவு பூட்டித்தான் இருக்கு."

"ம்."

"அந்த மணல் கலர்." மாதிரி வைத்த அட்டையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். "அது எனக்கு வரலடா. பதினாலு தடவை கலக்கிட்டேன். எப்படிக் கலக்கினீங்க அங்க?"

தூரத்தில் பேத்தி எதையோ கேட்டது காதில் விழுந்தது, "இரும்மா" என்றான் அவளிடம்.

"நீங்களா கேக்கறீங்க?"

"நான்தான் கேக்கறேன். உனக்குத்தானே தெரியும்."

அவன் எழுந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "கண்ணுல வச்சுக்க முடியாதுப்பா, அஞ்சு கலர் சேரும்" என்றான். "பேனா இருக்கா?"

பேனா இல்லை. இந்த வீட்டில் எதையும் எழுதிவைத்தால்தானே. மெல்லிய பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து, வண்டி வந்த பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"சொல்லு."

"வெள்ளை நாலு பங்கு. அப்புறம் மஞ்சள் ஒண்ணரை. ஆனா அந்த மஞ்சள் சாதா மஞ்சள் இல்ல, எங்க ஷெட்ல ஒருத்தர் இருந்தாரு, அவரு வந்து..."

"மெதுவா சொல்லுப்பா" என்றேன்.